காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோன புள்ளித் தண்ணீர்

காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் வந்து இறங்கும் வெளியூர்க்காரனுக்கு இரண்டே காரணங்கள்தான் அனுமதி. ஒன்று பட்டு, இன்னொன்று கோயில். மூன்றாவதாக ஒரு காரணம் வைத்திருப்பவனை அந்த ஊர் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. நான் ஒரு காலைத் தரையில் வைத்தேன். மறு கால் இன்னும் படியில் இருந்தது. அதற்குள் குடை பிடித்த ஒரு தரகர் என் பெட்டியைப் பற்றிக்கொண்டார்.

"பட்டா சார், கோயிலா?"

"ரெண்டும் இல்லைங்க. தண்ணி விஷயமா வந்திருக்கேன்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குடையை என் பக்கம் சாய்த்தார். "மெதுவா பேசு சார். மதுவிலக்கு அமல்ல இருக்குது. தோ பாரு, போலீஸ்காரன் டீ குடிச்சிக்கினு இருக்கான்."

நான் சொன்னது ஏரித் தண்ணீர் என்று விளக்கியதும் அவருக்கு என்மீதிருந்த மரியாதை முழுவதும் போய்விட்டது. பெட்டியை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸை நோக்கி நடந்தார்.

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், ஈப்போ பக்கம். ஈயச் சுரங்கக் கம்பெனிகள் தோண்டி எடுத்ததுபோக மீதியைக் குட்டைகளாக எங்களுக்கு விட்டுப்போன ஊர். மழைக்காலத்தில் ஏதாவது ஒரு குட்டையின் கரை உடையும். கீழே இருக்கும் குடியிருப்புக்குள் சேறும் தண்ணீரும் புகும். மந்திரி வந்து வருத்தப்படுவார். உடைந்த தண்ணீர் எப்படி ஓடும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவதுதான் என் உத்தியோகம்.

கணக்கு என்றால் பேனாவும் காகிதமும் இல்லை. தண்ணீர் நிற்கும் இடத்தையும் ஓடப்போகும் இடத்தையும் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் இருக்கும் கட்டங்களில் புள்ளிகளைத் தூவ வேண்டும். எந்தக் கட்டத்தில் எவ்வளவு அழுத்தம், எந்தப் பக்கம் வேகம் என்று கம்ப்யூட்டர் கணக்கிட்டுப் புள்ளிகளை இம்மியளவு நகர்த்தும். மறுபடி கணக்கு, மறுபடி நகர்த்தல். புள்ளிகள் எங்கே முடிகின்றனவோ அதுதான் தண்ணீரின் மேற்பரப்பு. ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் இயந்திரம் ராப்பகலாக உழைத்துச் செய்யும் இந்தக் காரியத்தை, கவிழ்த்த வாளியிலிருந்து கொட்டும் தண்ணீர் யாரிடமும் மானியம் கேட்காமல் ஒரு நொடியில் செய்துவிடுகிறது. இதை என் மேலதிகாரிகளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

எங்கள் ஊர் இயந்திரத்துக்கு அத்தனை புள்ளிகளைச் சுமக்கத் தெம்பு இல்லை. சென்னையில் ஒரு கல்லூரியில் பெரிய இயந்திரம் இருந்தது. அதில் என் நிரலை ஓட்டிப் பார்த்து வரும்படி அனுப்பினார்கள். எழுபதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதம். கல்லூரியில் நான் பேசிய கூட்டத்துக்கு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்கி, டீ வரும்போது விழித்தவர்தான் சிவப்பிரகாசம். ஏரிகளைக் கவனிக்கும் இலாகாவில் காஞ்சிபுரம் பக்கத்து உதவிப் பொறியாளர்.

"சார், உங்க புள்ளிங்க பிரமாதம்" என்றார். "எங்கிட்ட ஒரு ஏரி இருக்கு. மேடு பள்ளத்து மட்டக் கணக்கு தர்றேன். உடைச்சுக் காட்டுங்க."

உடைத்தேன். காகிதத்தில்தான். ஏரிக்கரை, அப்புறம் வயல், அப்புறம் புதிதாகப் போட்ட உயரமான சாலை. அவர் கொடுத்த படத்தில் அவ்வளவுதான் இருந்தது. அச்சு இயந்திரம் மடிப்பு மடிப்பாகக் காகிதத்தைத் துப்பியது. ஒவ்வொரு தாளிலும் தண்ணீர் இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தது. அந்தக் காகிதக் கட்டோடுதான் நான் காஞ்சிபுரத்தில் இறங்கியது. இடத்தை நேரில் பார்க்க வரும்படி அவரே அழைத்திருந்தார். வருவேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது.

தங்குவதற்குப் பிள்ளையார்பாளையத்தில் அவருக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் வீட்டு மாடி. கீழே தறிகள். விடியுமுன்பே 'டக்கு டக்கு' என்று தொடங்கிவிடும். எனக்கு அலாரம் வைக்கும் வேலை மிச்சம். வீட்டுக்காரர் வெங்கடேசுலு என்னிடம் தமிழிலும் மனைவியிடம் தெலுங்கிலும் பேசுவார். நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் பாதிப் பேர் தெலுங்கர்கள்; எனக்கு அந்த மொழி நன்றாகவே புரியும். அதை அவரிடம் சொல்வதற்கு முன்னால் அந்த அம்மா முந்திக்கொண்டார்.

"கப்பலேறி வந்து ஏரியில் புள்ளி எண்ணப் போகிறாராம். பாவம், வீட்டில் யாரும் கேட்பதில்லையா?" என்றார் தெலுங்கில்.

"படித்தவர்கள். அப்படித்தான் இருப்பார்கள். இட்லி வை" என்றார் கணவர்.

அதற்கப்புறம் எனக்குத் தெலுங்கு தெரியும் என்று சொல்லிக்கொள்வது அநாகரிகமாகப் பட்டது.

இட்லியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்து இட்லி வேறு ஜாதி. முழு மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் போட்டு மந்தாரை இலையில் வைத்து வேகவைத்து உருளையாக எடுக்கிறார்கள். எங்கள் ஈப்போவில் சீனர் காப்பிக் கடையில் காலையில் ஒரு ரொட்டித்துண்டைத் தின்றுவிட்டு மத்தியானத்துக்குக் காத்திருப்போம். இங்கே காலையில் ஒரு துண்டு இட்லி உள்ளே போனால் மத்தியானம் என்று ஒன்று உண்டு என்பதே மறந்துபோகிறது. கோட்டைச் சுவர் கட்டிய மிச்சக் கல்லில் செய்தார்களோ என்று முதலில் நினைத்தேன். மூன்றாவது துண்டு கேட்டு வாங்கியபோது அந்த அபிப்பிராயத்தை வாபஸ் வாங்கினேன்.

மறுநாள் காலை சிவப்பிரகாசம் ஜீப்போடு வந்தார். ஜீப்போடு என்றால் ஜீப்பைத் தள்ளிக்கொண்டு. பாட்டரி தீர்ந்திருந்தது. தெருவில் பட்டுப் பாவை, அதாவது தறியில் ஏற்றும் நெடுக்கு நூலை, நீளமாக இழுத்துக் கட்டி வேலை செய்துகொண்டிருந்தார்கள். நூலைத் தாண்டி ஜீப் போக முடியாது. அவர்கள் முடிக்கும்வரை அரசாங்கம் காத்திருந்தது. தூறல் விழுந்ததும் நெசவாளர்கள் வானத்தைத் திட்டிக்கொண்டு பாவைச் சுருட்டினார்கள். எங்களுக்கு வழி கிடைத்தது. என் பிரயாணத்தில் மழையால் விளைந்த நன்மை அது ஒன்றுதான்.

முசரவாக்கம் தாண்டி உள்ளே போனால் அந்தக் கிராமம். பெயர் வேண்டாம், எந்த ஊருக்கும் தன் ஏரியைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் இருக்கும். கரை நன்றாக நீளமாகத்தான் இருந்தது. மதகுக்குப் பக்கத்தில் மட்டும் அரசமரத்து வேர் உள்ளே புகுந்து, கரையின் அடியில் நீர் கசிந்துகொண்டிருந்தது.

"இது கசிவு இல்லையா?" என்றேன்.

"ஈரம் சார்" என்றார் சிவப்பிரகாசம். "பல்லவர் காலத்து ஏரி. அவங்களே ஒண்ணும் சொல்லல."

கரையிலிருந்து இறங்கி வயல் வரப்பில் நடந்தோம். புதுச் சாலை தூரத்தில் சுவர்போல உயர்ந்து நின்றது. தண்ணீர் வடிய அதன் அடியில் ஒரே ஒரு குழாய். ஓர் ஆடு குனிந்து போகலாம். சாலையின் அடிவாரத்தில், ஏரியைப் பார்த்தபடி, ஒரு குடியிருப்பும் அதன் முன்னால் ஓட்டுக் கூரைப் பள்ளிக்கூடமும் இருந்தன. படத்தில் அந்த இடம் வெறும் வெள்ளை.

"இதை நீங்க வரையவே இல்லையே?"

"காலனி சார். பிற்பாடு வந்தது" என்றார் அவர். பிற்பாடு என்றால் எப்போது என்று விசாரித்தேன். அவர் பிறப்பதற்கு முன்னால் என்று தெரிந்தது.

பள்ளிக்கூடச் சுவரில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்துப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள்: 'வெள்ள காலப் பாதுகாப்பு இடம்'.

என் காகிதக் கட்டின் பின்பாதித் தாள்கள் கண்முன் வந்தன. புள்ளிகள் வயலைத் தாண்டிப் போய்ச் சாலையில் மோதும். போக வழியில்லாமல் மேலே எழும்பும். எழும்பியது மடங்கித் திரும்பி, மோதின இடத்தின் காலடியிலேயே விழும். காகிதம் முழுவதிலும் தண்ணீர் மிக உயரமாக நிற்கும் இடம் அதுதான். இலாகா அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதில் ஜனங்களைச் சேர்க்கச் சொல்லிச் சுண்ணாம்பு அடித்திருந்தது.

சொன்னேன். சிவப்பிரகாசம் பொறுமையாகக் கேட்டார். "சார், பாதுகாப்பு இடம் மேலேர்ந்து வந்த உத்தரவு. மாத்தணும்னா ஃபைல் போடணும். ஃபைல்ல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல புள்ளின்னு எழுத முடியாது."

நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குள்ளிருந்து ஒரு பெண்மணி வந்தார். நாற்பது வயதிருக்கும். விரலெல்லாம் சாக்கட்டித் தூள். எஸ்தர் டீச்சர், அதே காலனிக்காரர். அவருடைய பெற்றோர் நாள்கூலிக்கு நாற்று நட்டவர்கள். படித்து, பயிற்சி முடித்து, வேறு ஊருக்கு மாற்றல் வந்தபோது மறுத்து இங்கேயே இருப்பவர்.

"யார் சார் இவரு? எங்க ஸ்கூல்ல இன்னா தப்பு?" என்றார்.

"மலேயா சார். கம்ப்யூட்டர்காரர்" என்றார் சிவப்பிரகாசம், ஏதோ என் உடம்புக்கு ஒரு வியாதி என்பதுபோல.

"காட்டுங்க."

பள்ளி வராந்தாவில் காகிதத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை விரித்தோம். காற்றுக்குப் பறக்காமல் ஓட்டுத் துண்டுகளை வைத்தார் டீச்சர். காலனி ஜனங்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். முதல் தாளில் ஏரி நிமிர்ந்து நிற்கும். தாள் தாளாகப் பக்கவாட்டில் நடந்தால் தண்ணீரும் கூடவே வரும். டீச்சர் ஒருமுறை நடந்து பார்த்தார். திரும்பி வந்து மறுபடி நடந்தார். கடைசித் தாள்களுக்குப் பக்கத்தில் குனிந்து, எழும்பி மடங்கும் புள்ளிகளின்மேல் விரலை வைத்தார்.

"இந்த எடந்தான் நாம நிக்கிற எடமா?"

"ஆமாம்."

"எவ்ளோ உசரம்?"

"கூரைக்கு மேல. ஆனா ஒண்ணு சொல்லணும். என் கணக்குல தண்ணிக்கு நீளம் உண்டு, உயரம் உண்டு, அகலம் கிடையாது. கரை ஒரே நொடியில காணாமப் போறதா வெச்சிருக்கேன். நிஜத்தில அப்படி இருக்காது."

"அப்ப தப்பா இருக்கலாம்."

"அளவு தப்பா இருக்கலாம். மோதித் திரும்பும்கிறது தப்பா இருக்காதுன்னு நினைக்கிறேன்."

கன்னியப்பன் என்று ஒரு சைக்கிள் கடைக்காரர் கையில் பம்புடன் நின்றிருந்தார். "புள்ளியெல்லாம் சரிப்பா. இங்க இருக்கக்கூடாதுன்னா எங்க போறது? ரோட்டு மேல புள்ள குட்டியோட மழையில எத்தினி நாளு நிக்கிறது? அதுக்கு அந்தாண்டை வெறும் பள்ளம். மேடுன்னா நயினார் மில்லுதான். அவரு உள்ள வுடுவாரா?"

எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள்.

அன்றைக்கு நான் தங்க ஏற்பாடாகியிருந்ததே அந்த நயினார் வீட்டில்தான். தரணேந்திர நயினார், சமணர்; ஊரின் பெரிய விவசாயி. கரையின் ஒரு கோடியில் இருந்த மேட்டில் அவருடைய அரிசி ஆலையும் வீடும் இருந்தன. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சூரியன் அப்போதுதான் மறைந்திருந்தது. அந்த 'அப்போதுதான்' எவ்வளவு விலையுயர்ந்த சொல் என்று எனக்குத் தெரியாது. சமணர்கள் இருட்டியபின் சாப்பிடுவதில்லை.

"கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே" என்றார் நயினார், உண்மையான வருத்தத்தோடு. "நாளைக்குக் காலையில நல்லாச் சாப்பிடலாம்."

எங்கள் ஊரில் கடை மூடுவதே நடுநிசிக்கு அப்புறம்தான். வடிகட்டிய தண்ணீரை நிறையக் குடித்தேன். என் பெட்டிக்குள் பிள்ளையார்பாளையத்து அம்மா கட்டிக்கொடுத்த இட்லித் துண்டு ஒன்று இருந்தது. அதைத் திருடன் மாதிரி மாட்டுத்தொழுவத்துப் பக்கம் கொண்டுபோய்த் தின்றேன். பசு மட்டும் பார்த்தது.

காலையில் டீச்சர் வந்தார், கூடக் கன்னியப்பனும். மழை வலுத்திருந்தது. நயினார் ஆலை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர்கள் மழையில் நின்றார்கள். உள்ளே வரும்படி அவர் சொல்லவில்லை. அவர்களும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

"ஐயா, ஏரி ரொம்பிக்கினு வருது. கரை தாங்காட்டி எங்க ஜனங்களுக்கு உங்க மில்லுதான் மேடு" என்றார் டீச்சர்.

"கவர்மெண்ட்ல உங்களுக்கு ஸ்கூல் குடுத்திருக்காங்களேமா?"

"அது கூரையோட முழுகிடும்னு இந்த சாரு சொல்றாரு."

நயினார் என்னைப் பார்த்தார். நான் அவர் வீட்டில் சாப்பிடக் காத்திருந்த விருந்தாளி. ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்த ஆலையில் காலனிக்காரர்களின் முதுகு படாத மூட்டை ஒன்றுகூட இருந்திருக்காது. பின்வாசல் வழியாக வந்து, சுமந்து, பின்வாசல் வழியாகவே போனவர்கள். குடும்பத்தோடு வந்து உள்ளே படுப்பது என்பது வேறு. கடைசியில் அவர் சொன்னார்: "வரட்டும். ஆனா உள்ள கருவாடு மட்டும் வேணாம்மா. எங்க தர்மத்துக்கு ஆகாது."

"நீங்க குடுக்கற கூலியில கருவாடு வாங்கிப் பல நாளாச்சு ஐயா. பயப்படாதீங்க" என்றார் டீச்சர்.

கன்னியப்பன் மூச்சை இழுத்துக்கொண்டார். நயினாருக்கு முகம் சிவந்தது. கொஞ்சம் பொறுத்துச் சிரிப்பும் வந்தது. எந்தத் தர்மத்தில் வந்ததோ தெரியாது. ஆலையின் முன்கதவைத் திறக்கச் சொன்னார்.

மத்தியானத்துக்குள் மழை வேறு குணத்துக்கு மாறிவிட்டது. எங்கள் ஊர் மழை திடீரென்று வந்து திடீரென்று போகும் கடன்காரன். இந்த மழை கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி மாதிரி, கிளம்புவதாகவே இல்லை. சிவப்பிரகாசம் ஆட்களோடு மணல் மூட்டைகளை மதகுப் பக்கம் அடுக்கிவிட்டு, ஜீப்பில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு காலனிக்கு வந்தார். "பொதுமக்கள் அனைவரும் பாதுகாப்பு இடமான பள்ளிக்கூடத்துக்கு வந்து சேருமாறு..." என்று அது அலறியது. பாதிப் பேர் ஏற்கனவே மில்லுக்குப் போயிருந்தார்கள். மீதிப் பேர் பாயும் பானையும் குழந்தையுமாகப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடினார்கள். சுவரில் அரசாங்கம் எழுதியிருக்கிறது. ஒலிபெருக்கியிலும் அரசாங்கமே பேசுகிறது. யார்தான் ஓட மாட்டார்கள்?

பள்ளிக்கூடக் கதவில் பூட்டுத் தொங்கியது. கதவுக்கு முன்னால் எஸ்தர் டீச்சர் நின்றுகொண்டிருந்தார், நனைந்தபடி.

"டீச்சரம்மா, தொறங்க" என்றார் சிவப்பிரகாசம்.

"சாவி காணோம் சார்."

சாவி அவர் முந்தானையில் முடிந்திருந்தது. ஈரப் புடவையில் அதன் உருவம் நன்றாகவே தெரிந்தது.

"உத்தரவுமா இது! மீறினா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல."

"என் வேல போனா போவட்டும். உள்ள வுட்டுட்டு, அப்பறம் ஒவ்வொரு வூட்டுலயும் போயி நான் இன்னா சொல்றது?"

கூட்டத்தில் ஒரு பெண் அழுதாள். "டீச்சர், புள்ள நனையுது. தொறந்து வுடு" என்றாள். டீச்சர் அந்தக் குழந்தையைப் பார்த்தார். ஆனால் நகரவில்லை.

சிவப்பிரகாசம் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க சொல்லுங்க. இத்தனை பேர் முன்னாடி சொல்லுங்க. உங்க புள்ளி நிச்சயமா?"

கூட்டங்களில் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் கட்டத்தின் அளவு, கால இடைவெளி என்று ஏதாவது பேசி, டீ வரும்வரை ஓட்டிவிடுவேன். இங்கே நனைந்த முகங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நிச்சயம் இல்லை" என்றேன். "கண்ணாடித் தொட்டியில பார்த்திருக்கேன். இவ்வளவு பெரிசாப் பார்த்ததில்லை. ஆனா என் பிள்ளைங்க இங்க இருந்தா மில்லுக்குத்தான் தூக்கிட்டு ஓடுவேன்."

அவர் கரையைப் பார்த்தார். அவருடைய 'ஈரம்' இப்போது ஓடையாக இறங்கிக்கொண்டிருந்தது, இங்கிருந்தே தெரிந்தது. நான் அந்த மனிதரைப் பற்றி இதுவரை எழுதியதெல்லாம் உண்மை. அதனால் இதையும் எழுதியாக வேண்டும். ஒலிபெருக்கியை வாயருகே வைத்துக்கொண்டு தெளிவாகச் சொன்னார்: "பொதுமக்கள் கவனிக்கவும். பள்ளிக்கூடச் சாவி காணவில்லை. சாவி கிடைக்கும்வரை அனைவரும் அரிசி மில்லில் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது."

எந்த ஃபைலும் இல்லாமல் ஓர் உத்தரவு மாறியதை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

நடக்க முடியாதவர்களை ஜீப்பில் ஏற்றினோம். ஜீப் வழக்கம்போல நின்றது; வழக்கம்போலத் தள்ளினோம். கடையில் இருந்த சைக்கிள்களுக்காகத் திரும்பி ஓடப்போன கன்னியப்பனை அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் உபயோகித்த வார்த்தைகளை அச்சடிக்க மாட்டார்கள்.

கடைசி ஆள் மேடு ஏறி, அதற்கப்புறம் நாங்கள் ஏமாந்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுமளவுக்கு நேரமும் ஆனது. கரை உடையவில்லை. "காணோமே உங்க வெள்ளம்" என்று யாரோ சொன்னார்கள். உடையாமல் இருந்தால் டீச்சரின் வேலை போய்விடும் என்று நான் நினைத்தேன். உடைந்தால் நல்லது என்று அடுத்து ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததற்கு வெட்கப்பட்டு முடிப்பதற்குள் அரசமரம் மெதுவாகச் சாய்ந்தது.

முதலில் சத்தமே இல்லை. மரம் சாய்ந்த இடத்தில் பழுப்பாக ஒரு நாக்கு நீண்டது. அப்புறம் கரையின் இரண்டு பக்கமும் துண்டு துண்டாக இடிந்து விழுந்தது. என் புள்ளிகளைவிட நிஜத் தண்ணீர் சோம்பேறி. நான் கணக்கிட்டதைவிட மெதுவாகத்தான் வயலைக் கடந்தது. அகலவாக்கிலும் பரவியது, எனக்குத் தெரியாத ஒரு திசையில். ஆனால் சாலையை அடைந்ததும் நின்றது. நின்று எழுந்தது. எழுந்து, ஏதோ மறந்துவிட்டதுபோல, திரும்பியது. பள்ளிக்கூடம் அந்த மடிப்புக்குள் போனது. ஓடுகள் சரிந்து சிதறின. கூரைக்கு மேலே போகும் என்று நான் சொல்லியிருந்தேன். தாழ்வாரத்துக் கூரை உயரத்துக்குத்தான் வந்தது. அவ்வளவே போதுமானதாக இருந்தது.

என் காகிதத்தில் வைக்கோல் இல்லை. பாத்திரங்கள் இல்லை. ஆட்டின் கத்தல் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் ஒரே மாதிரி இருக்கும். கீழே ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடையது. "தோ எங்க கட்டிலு" என்றாள் ஒருத்தி. எஸ்தர் டீச்சர் களத்து ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கரும்பலகை ஒன்று சுழன்று சுழன்று வந்து சாலையில் முட்டியது. அதில் அவர் முந்தின நாள் எழுதிய கணக்கு அழிந்துபோயிருந்தது. திடீரென்று முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார். எண்ணிப் பார்த்தாயிற்று, எல்லோரும் இருக்கிறார்கள் என்று கன்னியப்பன் வந்து சொன்னபிறகு இன்னும் அதிகமாக அழுதார்.

இருட்டியது. நயினார் களத்தில் பெரிய அடுப்பு மூட்டச் சொன்னார். அவர் வீட்டுப் பெண்கள் வெங்காயம் இல்லாத சாம்பாரும் சோறும் ஆக்கினார்கள். அவர் மட்டும் சாப்பிடவில்லை. இருட்டில் இத்தனை பேர் சாப்பிடுவதைப் பார்க்கும் பாவத்தையும் சேர்த்து அனுபவித்துக்கொண்டு, பந்தியில் குனிந்து குனிந்து மோர் ஊற்றினார். எனக்கு ஊற்றும்போது, "நேத்து பட்டினி போட்டுட்டேனே" என்றார். இட்லியைப் பற்றிப் பசு அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அதற்கு அடுத்த நாட்களில் நடந்தவை எதுவும் உங்களை ஆச்சரியப்படுத்தாது. மந்திரி வந்தார், எங்கள் ஊர் மந்திரியைவிடக் கொஞ்சம் நன்றாகவே வருத்தப்பட்டார். பாதுகாப்பு ஏற்பாடு திறம்பட வேலை செய்ததாக இலாகா அறிக்கை சொன்னது. காலனியின் ஒரு பாதி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றியது, மறு பாதி அம்மனுக்குக் கூழ் ஊற்றியது. புள்ளிகளுக்கு யாரும் எதுவும் செய்யவில்லை. எஸ்தர் டீச்சருக்கு மட்டும் ஒரு மெமோ வந்தது: பள்ளிக்கூடச் சாவியைத் தொலைத்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது?

"இன்னா பதில் எழுதினீங்க?" என்று கேட்டேன். அதற்குள் எனக்கும் அந்த ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

"கதவக் கண்டுபுடிச்சுக் குடுங்க, சாவியக் குடுக்குறேன்னு எழுதிட்டேன் சார்."

அந்த விவகாரம் எங்கே போனதென்று தெரியவில்லை. சிவப்பிரகாசம் அதைத் தன் மேஜைக்குள் போட்டுப் பூட்டிவிட்டதாகக் கேள்வி.

நான் கிளம்புவதற்கு முன்னால் டீச்சர் ஒன்று கேட்டார். "ரோட்டுக்கு அடியில பெரிய பெரிய கண்ணு வெச்சா தண்ணி திரும்பாதில்ல? உங்க மிஷின்ல போட்டுப் பாத்துச் சொல்லுங்க. அத வெச்சிக்கினு நாங்க கேக்கறோம்."

சென்னைக்குப் போய்ப் போட்டேன். சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் வழிகளாகப் பெரிய கண்கள் வைத்தேன். புள்ளிகள் சமர்த்தாக உள்ளே நுழைந்து அந்தப் பக்கம் போயின. காலனி தப்பித்தது. சந்தோஷமாக மிச்சத் தாள்களைப் புரட்டினேன். சாலைக்கு அந்தப்புறம் பள்ளம் சரிந்துகொண்டே போய், திருப்புட்குழிக்குப் போகும் வழியில் இன்னொரு சின்ன ஊரில் முடிகிறது. புள்ளிகள் எல்லாம் அங்கே போய்க் கூடி நின்றன.

காகிதத்தை எடுத்துக்கொண்டு திரும்ப வந்தேன். விமானச் சீட்டை மாற்றியதற்காக என் மேலதிகாரி எழுதிய கடிதத்தை இங்கே தருவதற்கில்லை. டீச்சர் இடிந்த பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கீற்றுப் பந்தல் போட்டு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். கடைசித் தாளைப் பார்த்தார்.

புள்ளிகள் போய்க் கூடிய அந்தச் சின்ன ஊர் மேல்சாதிக்காரர்களின் ஊர். காலனிக்காரர்கள் சைக்கிளில் போனால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டிய தெரு அது என்று கன்னியப்பன் முன்பே சொல்லியிருந்தார். "அவங்களுக்கு எதுக்கு டீச்சர்? கண்ணு வெக்கச் சொல்லிக் கேளு, போதும்" என்றார் அவர்.

டீச்சர் காகிதத்தை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "வாங்க சார், போயிட்டு வந்துடலாம்" என்றார்.

கன்னியப்பன் சலித்துக்கொண்டே இரண்டு சைக்கிள்களைக் கொண்டுவந்தார். அந்தத் தெருமுனை வந்ததும் நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் இறங்கவில்லை. மிதித்துக்கொண்டே போய் டீக்கடை வாசலில் நின்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள், மரியாதையால் அல்ல.

"இன்னா விக்க வந்திருக்கே?" என்றார் அவர்களில் மூத்தவர்.

"ஒண்ணும் விக்க வரல" என்றார் டீச்சர். "உங்க ஊருக்குத் தண்ணி எந்த வழியா வரும்னு காட்ட வந்திருக்கோம். பெஞ்ச கொஞ்சம் நவுத்துங்க, பேப்பரு நீளம்."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, வேண்டாவெறுப்பாக, பெஞ்சின் இரண்டு முனைகளையும் இரண்டு பேர் தூக்கினார்கள்.